அடியில் இருப்பதே சரக்கு

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவரைக் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, பட்டத்துக்குத் தக்க கைதான். ஆராய்ச்சிக்கு வைரஸ் வேண்டுமானால் முதலில் செடிக்கு நோயை ஏற்றியாக வேண்டும். பீன்ஸ் செடியின் இளம் இலைமேல், தோலை லேசாகக் கீறிவிடும் உரசுப் பொடியைத் தூவி, நோய்ச் சாற்றில் நனைத்த விரலால் ஒரே ஒரு தடவு. அழுத்தித் தடவினால் இலை கருகிவிடும். மெல்லத் தடவினால் வைரஸ் உள்ளே போகாது. பெரிய படிப்புப் படித்து வந்தவர்கள் தடவினால் நூறு செடியில் அறுபதுக்குத் தேமல் நோய் விழும். அவர் தடவினால் தொண்ணூற்றெட்டு. மிச்சம் இரண்டு செடியும் விழாமல் போனதற்குக் காரணம் செடியின் திமிர் என்பார்.

"படிச்சவங்களுக்குப் பத்து சர்டிஃபிகேட். எனக்குப் பத்து விரல். யாரு ஜெயிச்சது, பாத்துக்கங்க" என்று பார்வையாளர்களிடம் விரல்களை விரித்துக் காட்டுவார். அவர்களும் சிரித்துக்கொண்டே அந்த விரல்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பத்தொன்பது வயதில் கண்ணாடிக் கூடத்தின் பின்பக்கம் தொட்டி கழுவ வந்தார். மண் அவிப்பது, விதை ஊறப்போடுவது, இலை அரைப்பது என்று ஒவ்வொரு படியாக ஏறி, நாற்பது வருஷத்தில் செடிகளுக்கும் சுற்றும் இயந்திரங்களுக்கும் குளிர் அறைக்கும் அவரே பொறுப்பு என்றாகிவிட்டது. இடுப்புச் சாவிக்கொத்து ஒரு குழந்தையின் எடை இருக்கும். அது குலுங்குகிற ஓசை கேட்டாலே நடைபாதையில் அரட்டை அடிப்பவர்கள் கலைந்து போவார்கள்.

அவர் வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு வாசகம். பெரிய சென்ட்ரிஃப்யூஜுக்கு மேலே, சுவரில், அட்டையில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்: அடியில் இருப்பதே சரக்கு. அர்த்தம் எளிது. நோய் பிடித்த இலையை அரைத்து, வடிகட்டி, அந்த இயந்திரத்தில் போட்டு வேகமாகச் சுற்றினால் வைரஸ் எல்லாம் குழாயின் அடியில் கண்ணாடிப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மேலே நிற்பது வெறும் கழுநீர். அதைக் கொட்டிவிட்டு அடியில் இருப்பதை எடுத்துவைக்க வேண்டும். புதிதாக வந்த யாரோ ஒருத்தர் ஒருகாலத்தில் பொட்டைக் கழுவி ஊற்றிவிட்டுக் கழுநீரை ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்தினாராம். அன்றைக்கு ஒட்டிய அட்டை. அந்தக் கதையை அவர் குறைந்தது முந்நூறு தடவை சொல்லியிருப்பார். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் இன்னும் கொஞ்சம் முட்டாளாவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார்.

டாக்டரம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டதில் ஆராய்ச்சி பாதியில் நின்றுபோனது. அப்பா போன பிறகு மறுபடி தேடி வந்த வேலை இது. இரண்டு வருஷம்தான். அதற்குள் ஒன்றைச் செய்து காட்டாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வயதில் வேறு கூடம் சேர்த்துக்கொள்ளாது. குரல் அப்படி ஒரு மெல்லிசு. கதவைத் தட்டினால்கூடக் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் அவர் செய்ய வந்த காரியம் மெல்லிசானது இல்லை. தேமல் வைரஸிடம் ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. அதற்கு உருவமே கிடையாது என்பது டாக்டரம்மாவின் கட்சி. புரதம் என்றால் மடங்கிச் சுருண்டு தனக்கென்று ஒரு வடிவத்தில் நிற்கும், அந்த வடிவத்தால்தான் வேலை செய்யும் என்று எல்லாரும் படித்திருக்கிறார்கள். இது அப்படி நிற்காமல் அவிழ்ந்த நூல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது என்றார். அப்படி இருப்பதால்தான் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே வைரஸ் செடிக்குள் நாலு வேலை பார்க்கிறது என்றும் சொன்னார்.

கூடத்தின் இயக்குநர் இதைக் கேட்டுச் சிரித்தார். முப்பது வருஷமாகப் புரதங்களைப் படிகமாக்கி உருவம் கண்டவர் அவர். ஒவ்வொன்றின் உருவத்தையும் கம்பியில் வளைத்து வண்ணம் பூசி மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். "உருவம் இல்லைன்னா அது கெட்டுப்போன புரதம்மா. உங்க கையில வந்து கெட்டிருக்கும்" என்றார்.

"கொதிக்க வெச்சுக் காட்டறேன் சார்" என்றார் டாக்டரம்மா.

அந்தச் சோதனையை அவர் கைராசிக்கும் விளக்கினார். குளிர் அறை வாசலில், கையில் பனிக்கட்டி வாளியோடு நின்றுகொண்டு சொன்னார்.

"முட்டையை வேகவெச்சா வெள்ளைக்கரு கட்டியாயிடுது இல்லையா அண்ணே? அதுக்கு ஒரு உருவம் இருக்கு. சூட்டுல அது குலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. நம்ம புரதத்துக்குக் குலையறதுக்கு உருவமே இல்ல. கொதிக்க வெச்சாலும் கட்டியாகாது. மத்ததெல்லாம் கட்டியாகிக் கீழ போயிடும். இது மட்டும்..."

கைராசியின் கண் அப்போது கண்ணாடிக் கூடத்தின் பக்கம் இருந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ தண்ணீர்க் குழாயை மூடாமல் போயிருந்தார்கள்.

"விளங்குச்சா அண்ணே?"

"விளங்காம என்னம்மா? நாப்பது வருஷமா இதே பொழப்பு. நீங்க செடியை என்கிட்ட விட்டுடுங்க" என்றார். பாதிதான் கேட்டிருந்தார். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே அவர் இத்தனை தூரம் ஏறி வந்திருந்தார்.

நானூறு செடி. பதினோரு வாரம். தடவியது எல்லாம் அவர் விரல். இலை பறித்து, அரைத்து, வடித்து, கழித்து, கடைசியில் எட்டே எட்டுச் சின்ன டியூபில் வந்து நின்றது மொத்த உழைப்பும். ஒரு திங்கட்கிழமை காலை டாக்டரம்மா அந்த எட்டையும் கொதிநீரில் பத்து நிமிஷம் வைத்தார். பனிக்கட்டியில் ஆறவிட்டு, சுற்றும் இயந்திரத்தில் வைத்து மூடியபோது மாடியிலிருந்து ஆள் வந்தது. டாக்டரம்மாவின் வேலையை மதிப்பிடும் குழு கூடுகிற தேதி பேச இயக்குநர் கூப்பிடுகிறாராம்.

"சுத்தி முடிஞ்சதும் எடுத்து ஐஸ்ல மட்டும் வெச்சிடுங்க அண்ணே. நான் வந்து பாத்துக்கறேன்."

"போய்ட்டு வாங்க. இங்க நான் இருக்கேன்ல?"

இயந்திரம் நின்றது. மூடியைத் திறந்து ஒரு டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. இத்தனை பெரிய சரக்கை அவர் பார்த்ததே இல்லை. மேலே தெளிந்த நீர். அடக் கடவுளே, இதை இப்படியே விட்டால் கட்டி கரைய ஆரம்பித்துவிடுமே! இந்த அம்மாவுக்குப் படிப்பு இருக்கிறது, கைப்பழக்கம் இல்லை என்று எண்ணிக்கொண்டார். எட்டு டியூபையும் ஒவ்வொன்றாகக் கழிவுப் பாட்டிலில் கவிழ்த்தார். மெல்லிய காகிதத்தில் தலைகீழாக நிறுத்தி வாயோரம் ஒற்றினார். கட்டி காய்ந்துவிடக் கூடாதென்று, பழைய அளவுக்கே, பஃபர் என்கிற சுத்தமான கரைசலை மேலே ஊற்றினார். ஒரு சொட்டு கூடவோ குறையவோ இல்லை. இதெல்லாம் யாருக்கு வரும்? எட்டையும் பனிக்கட்டியில் சொருகிவிட்டு விசிலடித்துக்கொண்டே போனார்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது, "பக்குவமா வெச்சிருக்கேம்மா. பாருங்க, எவ்வளவு சரக்குன்னு" என்றார். டாக்டரம்மா சிரித்து நன்றி சொன்னார். பார்வைக்கு எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தது. அடியில் கட்டி, மேலே தெளிந்த நீர். அந்த நீரை எடுத்துத் தனி டியூபில் விட்டு, கட்டியிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, எதில் புரதம் இருக்கிறது என்று பார்க்க ஜெல்லில் ஓட்டப் போனார்.

மறுநாள் செவ்வாய். சோதனை மேசையில் டாக்டரம்மா ஒரு வெள்ளைப் பட்டையை இடுக்கியால் பிடித்து விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார். புரதம் இருந்தால் அதில் கறுப்புக் கோடு விழும். கைராசி ஒரு பாராட்டை எதிர்பார்த்து அந்தப் பக்கம் சாவியைக் குலுக்கிக்கொண்டு நடந்தார்.

"ஒண்ணுமே இல்ல அண்ணே."

"எதுல?"

"மேல இருந்த தண்ணியில. சுத்த வெள்ளை. கீழ கட்டியில மட்டும் லேசா ஒரு கோடு."

"தண்ணியில எதுக்கும்மா பாத்தீங்க? சரக்கு கீழல்ல இருக்கு?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "கீழ விழறது மத்த புரதமெல்லாம் அண்ணே. நம்மளுது கொதிச்சாலும் கட்டியாகாம மேல தண்ணியிலயே நிக்கணும். அன்னிக்கு வாசல்ல சொன்னேனே. அது மேல நின்னாத்தான் நான் சொல்றது உண்மை."

  கழிவுப் பாட்டில், தலைகீழாக நின்ற எட்டு டியூப், ஒற்றி எடுத்த காகிதம் எல்லாம் கைராசியின் கண்முன் வந்து நின்றன. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தார்.

பட்டையை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்துபோனது. "நான் சொல்லல? கட்டியிலதான் கிடக்கு. உருவம் இருக்கு, குலைஞ்சுபோச்சு, விழுந்துடுச்சு. கணக்குத் தீர்ந்தது." பிறகு கைராசி தோளில் தட்டினார். "செடி அற்புதம்யா. நீ உன் வேலையைச் செஞ்சுட்ட. ஏம்மா, டியூபெல்லாம் எடுத்து வெக்கறதுல ஏதாவது கோளாறு ஆகியிருக்குமா?"

"அண்ணன் கையில எதுவும் தப்பாகாது சார்" என்றார் டாக்டரம்மா. "தப்புன்னா அது என்கிட்டதான். உருவம் இல்லாத புரதத்தை மத்த புரதமெல்லாம் சுலபமாக் கடிச்சுத் தின்னுடும். நான் ஐஸ்ல வெக்க லேட் பண்ணியிருக்கலாம். இல்லைன்னா... நீங்க சொல்றது சரியா இருக்கலாம்."

"அப்ப அடுத்த செவ்வாய் குழுவில அதைச் சொல்லிடுங்க. கருத்து தப்பு, முடிச்சுக்கறேன்னு. மரியாதையா முடிஞ்சிடும்."

கைராசி வாயை மூடிக்கொண்டார். இயக்குநர் போனபிறகு சொல்லலாம் என்று நினைத்தார். இயக்குநர் போனார். டாக்டரம்மா மட்டும் இருந்தார். "தேநீர் குடிக்கறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து யாருடைய மேல்சட்டைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஒலிக்கு எதிரே உட்கார்ந்துதான் கைராசி தன் அன்றாடப் பெருமையைப் படிப்பார். அன்றைக்கு அவரிடமிருந்து சத்தமே இல்லை.

"என்னங்க, இன்னிக்கு உங்களை யாரும் பாராட்டலையா? இல்ல, நீங்களே மறந்துட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சாப்பாட்டை மூணு பக்கம் தள்ளி வெச்சிருக்கீங்க?"

அவர் மென்று விழுங்கினார். உருவம் இல்லாத புரதம் என்று ஒன்று இருக்கிறதாம், அதை நம்பி ஒரு அம்மா வந்திருக்கிறாராம் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். அதெப்படி உருவம் இல்லாமல் வேலை செய்யும், தமக்கு விளங்கவே இல்லை என்று முடித்தார்.

மனைவி வாயிலிருந்த ஊசியை எடுத்தார். "இதுல விளங்க என்ன இருக்கு? தைச்ச சட்டை ஒருத்தருக்குத்தான் பொருந்தும். தைக்காத துணின்னா தலையில கட்டலாம், தோள்ல போடலாம், மூட்டை கட்டலாம், குழந்தையைத் தூங்கவெக்கலாம். சட்டையைக் கிழிச்சா சட்டை போச்சு. துணியில கிழிக்க என்ன சட்டை இருக்கு?"

கைராசி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் அந்தக் கூடத்தில் குப்பை கொட்டிய தமக்கு எட்டாதது, அந்த வாசல்படியை மிதிக்காதவருக்கு இரண்டு தையல் போடுகிற நேரத்தில் எட்டிவிட்டது.

"அந்தம்மா டியூபை ஒருத்தன் கவுத்து ஊத்திட்டான்" என்றார் தட்டைப் பார்த்து. "தெரியாமத்தான். அந்தம்மாவுக்கு அது தெரியாது. தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டு நிக்குது."

"எந்த ஒருத்தன்?"

"புதுசா வந்தவன்."

சொன்ன மாத்திரத்தில் காது மடல் சூடாயிற்று. அட்டைக் கதையில் வரும் அந்த முட்டாளுக்கு இத்தனை வருஷம் கழித்துத் தன் முகம் வந்துவிட்டதே என்று இருந்தது. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஊசியில் நூல் கோத்தார்.

"நீங்கதான் அங்க பெரிய மனுஷனாச்சே. அவனைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வைங்க."

புதன் போனது. வியாழன் போனது. கைராசி காலையில் கிளம்பும்போதெல்லாம் மனைவி சாப்பாட்டுப் பெட்டியை நீட்டி, "அந்தப் புது ஆளு சொல்லிட்டானா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்பார் இவர். "பாவம், அவனுக்குத் தூக்கமே வராதே. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுப்பானே" என்பார் மனைவி. அந்த முகத்தில் எகத்தாளம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அங்கே இருந்தது வருத்தம்.

கூடத்தில் சாவிக்கொத்தைச் சட்டைக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். சத்தம் வராதபடிக்கு. டாக்டரம்மா எதிரே வந்தால் செடிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவரோ மூன்று நாளாக ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். வெறும் தண்ணீரை டியூபில் விட்டு, பனிக்கட்டியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எங்கே தாமதித்தேன் என்று தம் கையைத் தாமே சோதித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கழிவு அவிக்கிற நாள். வைரஸ் பட்ட எந்த நீரையும் தொட்டியில் கொட்டக் கூடாது என்பது அங்கே விதி. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கழிவுப் பாட்டில். அது குளிர் அறையில் இருக்கும். சனிக்கிழமை ஆவிப்பெட்டியில் வைத்து அரைமணி அவித்துவிட்டுக் கொட்ட வேண்டும். விதியை வகுத்தவரும் அவர்தான், அவிப்பவரும் அவர்தான்.

டாக்டரம்மாவின் பாட்டில் இரண்டாவது தட்டில் இருந்தது. முக்கால் அளவு. அந்த எட்டு டியூபிலிருந்து கவிழ்த்த நீரும் இதற்குள்தான் என்று தெரிந்தது. எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். அவருடைய கால் ஆவிப்பெட்டியின் பக்கம்தான் போனது. அவித்துக் கொட்டிவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தம்மா இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கைராசி கைராசியாகவே இருக்கலாம். இதை நினைத்துத்தான் பெட்டியின் மூடியைத் திருகினார். இதை எழுதாமல் விட்டால் அவரைப் பற்றி எழுதிய மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அரைமணி கழித்து மூடியைத் திறந்தார். ஆவி அடங்கியது. பாட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து, பூப்பூவாக அடியில் படிந்து கிடந்தது. அதற்குமேல் நீர் தெளிந்து நின்றது. பளிங்கு மாதிரி.

கைராசி அந்த நீரையே பார்த்தபடி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். கொதிக்க வைத்தாலும் கட்டியாகாது. வாசலில் அந்தம்மா சொன்னது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. அப்படியானால் அது இன்னும் இதற்குள்தான் இருக்கிறது. அவர் அழிப்பதற்காக அவித்திருந்தார். அது அவிந்துபோகவில்லை. அடியில் திரிந்து கிடந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன்னையே பார்ப்பது போல அருவருப்பாக இருந்தது. இத்தனை விறைப்பும் ஒரு சூட்டைத் தாங்கவில்லை.

பாட்டிலை ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, குளிர் அறையில் தம் பூட்டுப் போட்ட தட்டில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி எதுவும் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா வருவதற்கு முன்பே அந்த மேசையருகே போய் நின்றார். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இது என்ன அண்ணே?"

"உங்க தண்ணிம்மா."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நீங்க மாடிக்குப் போனப்ப, எட்டு டியூபையும் நான் கவுத்துட்டேன். அடியில இருக்கறதுதான் சரக்குன்னு நினைச்சுட்டேன். அப்புறம் புதுசா பஃபர் ஊத்தி வெச்சேன். நீங்க ஓட்டினது நான் ஊத்தின பஃபரும்மா. அதுல எப்படி வரும்?" "வாசல்ல நீங்க சொன்னப்ப எனக்கு விளங்கல. விளங்குச்சுன்னு சொல்லிட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.  திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று கைராசி தலை கவிழ்ந்து நின்றார்.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

"செவ்வாக்கிழமை. பட்டையைப் பாத்தப்பவே."

"ஆறு நாள் அண்ணே." குரல் இப்போதும் மெல்லிசுதான். "ஆறு நாளா நான் என் கையைச் சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். ஒன்பது வருஷத்துல எல்லாம் மறந்துபோச்சு, இனிமே எனக்கு இது வராதுன்னு நினைச்சுட்டேன். நேத்து பெட்டியெல்லாம் கட்டிட்டேன்."

கைராசி மன்னிச்சிடுங்க என்ற சொல்லைத் தேடினார். அதைச் சொல்லியும் பழக்கமில்லை. "அதை அவிச்சுக் கொட்டிடலாம்னும் பாத்தேன்" என்றார். ஒளிக்க இனி ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது என்று பட்டது. "அவிச்சுட்டேன். கொட்டத்தான் கை வரல."

டாக்டரம்மா சட்டென்று பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கிடந்த திரிசலைப் பார்த்தார். மேலே தெளிந்து நின்ற நீரைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமும் வேறு ஏதோ ஒன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"அரைமணியா?"

"அரைமணி. முழு ஆவி."

மாலைக்குள் பட்டை தயாராகிவிட்டது. மற்றக் கழிவுநீரோடு கலந்து, நீர்த்து, பென்சிலால் இழுத்து அழித்த மாதிரி ஒரு கோடு. ஆனால் கோடு. மேல்நீரில் இருந்து.

"இது சாட்சி ஆகாது அண்ணே. கழிவுப் பாட்டில்ல இருந்து எடுத்ததை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. எனக்கு மட்டும் போதும்." டாக்டரம்மா பட்டையைக் கீழே வைத்தார். "நாளைக்குக் குழுவில என்ன நடந்துச்சுன்னு சொல்லணும். நான் சொன்னா, என் தப்பை உங்க தலையில கட்டற மாதிரி ஆயிடும். சார் அப்படித்தான் சொல்லுவாரு."

"நான் சொல்றேம்மா."

சொல்லிவிட்டார், அவ்வளவு லேசாக. மறுநாள் நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, ஓரமாகப் போய் நின்றார். அந்த ஐந்து பேரில் மூன்று பேரிடம் அவர் விரல்களை விரித்துக் காட்டியிருக்கிறார். பத்து விரலையும் இப்போது முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எட்டு டியூபையும் கவிழ்த்ததைச் சொன்னார். கரைசல் ஊற்றி மூடியதைச் சொன்னார். தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததைச் சொன்னார்.

"யோவ் கைராசி, நீயா?" என்றார் இயக்குநர். அதில் கோபம் இல்லை. நம்ப முடியாமை. அதுதான் சுருக்கென்று தைத்தது. ஒருத்தர் மெல்லச் சிரித்தார். "அந்த அட்டைக் கதை?" என்று இன்னொருவர் கேட்க, சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது. கைராசி சிரிக்கவில்லை. அட்டைக் கதையில் வந்த ஆளுக்கும் அன்றைக்கு இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தார். முந்நூறு தடவை சொன்ன கதை. அந்த ஆளின் பெயர்கூட நினைவில் இல்லை.

சோதனையை மறுபடி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று எழுதியே கொடுத்தார்கள்.

அன்று மாலை மனைவியிடம், "அந்தப் புது ஆளு சொல்லிட்டான்" என்றார். மனைவி இயந்திரத்தை நிறுத்தினார். "சாப்பிட்டானா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மறுபடி நானூறு செடி. கூடத்தில் சிலர் அவரை ஊத்தி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தார், பதில் சொன்னார். பார்வையாளர்கள் வந்தால் செடியைக் காட்டினார், விரலைக் காட்டவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் டாக்டரம்மாவிடம் போய், "மறுபடி ஒருதரம் சொல்லுங்கம்மா" என்று கேட்டார். முதல் தடவை கேட்டபோது கழுத்தெல்லாம் வியர்த்தது. பத்தாவது தடவையும் வியர்த்தது. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார். முன்பு போலச் சிரித்துச் சொல்லவில்லை, வேலையாகச் சொன்னார். அதற்குக் குறை சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதினோரு வாரம் கழித்து எட்டு டியூபும் இயந்திரத்துக்குள் சுற்றி நின்றன. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எடுத்து ஐஸ்ல வெச்சிடுங்க அண்ணே, கைகழுவிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார். வேண்டுமென்றே போனாரா, தெரியாது. கைராசி ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகினார். அடியில் அதே வெள்ளைக் கட்டி. மேலே அதே தெளிந்த நீர். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து, மேல்நீரை எட்டு புது டியூபுக்கு மாற்றினார். வெள்ளைக் கட்டியோடு நின்ற பழைய எட்டையும் அவர் பக்கம் தள்ளினார். "இதைக் கொட்டிடுங்க." நாற்பது வருஷமாகச் சரக்கு என்று அவர் காத்துவந்தது அது. எடுத்துப்போய்க் கொட்டினார்.

மறுநாள் பட்டையில் மேல்நீருக்கு நேரே மை தடவிய மாதிரி கறுத்துத் தடித்த கோடு. இயக்குநர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தம் அறைக்குப் போனார். மேசைமேல் இருந்த கம்பி உருவங்களை அவர் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

டாக்டரம்மா குறிப்பேட்டைத் திறந்து முடிவை எழுதினார். பழைய சோதனையோடு ஒப்பிட ஏட்டைப் பின்னால் புரட்டினார். பக்கத்தில் நின்ற கைராசி, எழுத்துக் கூட்டி, அந்தப் பக்கத்தைப் படித்தார். அந்தத் திங்கட்கிழமைத் தேதிக்குக் கீழே ஒரே வரி: எட்டு டியூபின் மேல்நீரும் தவறுதலாகக் கொட்டப்பட்டது.

"யாரு கொட்டினதுன்னு போடலையேம்மா."

"வேணாம் அண்ணே. இது ரொம்ப வருஷம் இருக்கற நோட்டு. நாளைக்கு யார் யாரோ படிப்பாங்க."

"அதனாலதாம்மா."

மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். டாக்டரம்மா தடுக்கவில்லை, ஏட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அட்டை எழுதின அதே கொட்டை எழுத்தில், அந்த வரிக்குக் கீழே, 'நான் கொட்டினேன்' என்று எழுதினார். கூடத்தில் யாரும் கூப்பிடாத தம் சொந்தப் பெயரை அதற்கடியில் போட்டார். மை காயும்வரை ஏட்டை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.